இரண்டு விசிலும் எதிர்வீட்டில் இருக்கும் உன் அப்பாவும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. தெருவுக்கு இந்தப் பக்கம் நான் நலம், அந்தப் பக்கம் உன் அப்பா நலம். நீயும் மாப்பிள்ளையும் அங்கே ஒரே கூரையின் கீழ், காய்ச்சல் தலைவலி இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அலுத்துப்போகாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். முப்பது வயதுக்காரியை இன்னும் பாப்பா என்று எழுதுகிறாளே என்று நீ முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. சுளித்துக்கொள். இந்த வயதில் புதுப்பெயர் வைக்க எனக்கு வராது.

திங்கட்கிழமை நீ போனில் ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா, உண்மையச் சொல்லு, வேணும்னே அடிச்சியா?" என்றாய். நான் மூச்சை இழுத்துப் பதில் சொல்வதற்குள் உனக்கு ஏதோ மீட்டிங் வந்துவிட்டது, வைத்துவிட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய், உன் குறுக்கே நான் பேசுவேன், கடைசியில் என்ன சாப்பிட்டாய் என்பதில் வந்து நிற்கும். தபால் எதுவும் போகவில்லை. மேல்மாடியில் தனியாக இருக்கும் கம்ப்யூட்டர்காரப் பெண் இதைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். எடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்வதாகச் சத்தியம் வேறு செய்தாள். கண்ணை மூடிக்கொண்டு எப்படிப் படம் எடுப்பாய் என்று நான் கேட்கவில்லை. ரொம்ப நல்ல பெண். அவளைப் பற்றி நான் வேறு எதுவும் எழுதுவதாக இல்லை.

உன் அப்பா உன்னிடம் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். இரண்டு குற்றச்சாட்டு. ஒன்று, வீட்டுக்குள் வர இருந்தவரை நான் வாசலோடு திருப்பி அனுப்பினேன். இரண்டு, பதினாலு நாள் கழித்து வர இருந்தவரை மறுபடியும் வரவிடாமல் விசில் அடித்தேன். இரண்டும் நடந்தது உண்மைதான். நடந்த விதம்தான் வேறு. முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி.

ஊரடங்கில் பஸ்கள் ஓடுவது நின்று அப்போது மூன்று வாரம் ஆகியிருந்தது. இருபத்தேழு வருஷம் கண்டக்டர் வேலைக்கு விடியும் முன்னே வீட்டை விட்டுப் போய் இருட்டிய பிறகு திரும்பி வந்தவள் நான். உன் அப்பாவோ முன்னறையில் தையல் மெஷினை விட்டு நகராதவர். உனக்குத் தலை பின்னியது, பள்ளிக்கு அனுப்பியது, சமைத்தது, உன் முதல் சண்டைக்குப் பக்கத்து வீட்டோடு பேசப்போனது எல்லாம் அவர்தான். இந்த வீட்டில் நான் ஒரு விருந்தாளி. நல்ல மரியாதையோடு நடத்தப்பட்ட விருந்தாளி, ஆனாலும் விருந்தாளி. அது எனக்கு இத்தனை வருஷம் தெரியவில்லை, இந்த மூன்று வாரத்தில்தான் தெரிந்தது. நாலரைக்கு விழிப்பு வந்துவிடும். எழுந்து எங்கே போவது. முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன நடைபாதையில் போய் நிற்பேன், ஏனென்றால் பஸ்ஸில் கண்டக்டர் நிற்கும் இடம் மாதிரி எனக்கு வசதியாகப் பட்ட இடம் அது ஒன்றுதான். அங்கிருந்து பார்த்தால் வீடு முழுக்கத் தெரியும். உன் அப்பா தண்ணீர் குடிக்க எழுந்தால், "வழியில நிக்காதீங்க, உள்ள போங்க, உள்ள போங்க" என்று என் வாய் தானாகச் சொல்லிவிடும். உள்ளே என்றால் எங்கே, அது இரண்டு அறை வீடு. பாவம், அவரும் நாலைந்து நாள் சொன்ன சொல்லுக்கு உள்ளே போய் நின்றுவிட்டு, பிறகு எதற்காக எழுந்தோம் என்பதை மறந்து திரும்பி வருவார்.

அப்புறம் அந்த நூல்கண்டு விவகாரம். அவர் குளிக்கப்போன நேரத்தில், சும்மா இருப்பானேன் என்று, அந்தப் பழைய பிஸ்கட் டப்பாக்களில் கிடந்த நூல்கண்டுகளையெல்லாம் எடுத்து, அடியில் அச்சடித்திருக்கும் எண் வரிசைப்படி அடுக்கிவைத்தேன். டிக்கெட் கட்டு அடுக்குகிற கை, வேறு எப்படி அடுக்கும். நூற்றி இருபது கண்டு. எனக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது. அவர் வந்து கருநீலம் தேடினார். கருநீலத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் இருந்தது, மஞ்சளுக்குப் பக்கத்தில் கறுப்பு. பத்து நிமிஷம் தேடிவிட்டு மெஷினை மூடிவைத்தார். "இது வீடும்மா, பஸ் இல்ல" என்றார். குரலை உயர்த்தவே இல்லை, அதுதான் எனக்குக் கோபம். "பஸ்ஸா இருந்தா இந்நேரம் எறக்கிவிட்டிருப்பேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, "எதிர்ல போய் அஞ்சு நிமிஷம் மூச்சு விட்டுட்டு வர்றேன்" என்று கிளம்பினார். எதிர்ல என்றால் சலூன்காரர் வீடு, உனக்குத் தெரியுமே, கீழே கடை, மேலே வீடு. கடை சாத்தியிருந்ததால் அந்த மனுஷனும் கத்திரியை வைத்துக்கொண்டு வெட்ட ஆளில்லாமல் பால்கனியில் உட்கார்ந்திருந்தார்.

அந்த ஐந்து நிமிஷத்தில்தான் நம் கட்டடத்தை மூட வந்தார்கள். மூன்றாவது மாடி பல் டாக்டருக்கு நோய் உறுதியாகிவிட்டது. பயப்படாதே, அவருக்கு ஒன்றும் பெரிதாக இல்லை, அறையிலேயே இருந்து சரியாகிவிட்டார். ஊரார் வாயையெல்லாம் இன்னும் பெரிசா, இன்னும் பெரிசா என்று திறக்கச் சொன்னவர், பரிசோதனைக்காகத் தன் வாயில் குச்சியைக் காட்டியதும் மயங்கி விழுந்தாராம், அதுதான் கட்டடம் முழுக்கப் பேச்சு. சுகாதாரத் துறை ஆட்கள் இரண்டு தகரத் தட்டியைக் கொண்டுவந்து வெளிக்கேட்டில் வைத்துக் கம்பியால் கட்டத் தொடங்கினார்கள். சத்தம் கேட்டு நான் பால்கனிக்கு ஓடினேன். எதிரே படியிறங்கி உன் அப்பா ஓடிவருகிறார். கழுத்தில் துண்டு, முகத்தில் ஒரு பாதி மழமழவென்று, மறுபாதி சோப்பு நுரையோடு. "சார், என் வீடு, உள்ள போகணும்" என்கிறார். அவர்களோடு வந்த அதிகாரி பொறுமைசாலி. "உள்ள போனா பதினாலு நாள் வெளிய வர முடியாது. வெளிய இருந்தா பதினாலு நாள் உள்ள போக முடியாது. நீங்களே முடிவு பண்ணுங்க சார்" என்றார்.

உன் அப்பா உடனே நுழைந்திருக்கலாம். நுழையவில்லை. நின்று, தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் கூப்பிட வேண்டும் என்று நின்றாரா, கூப்பிட்டுவிடப்போகிறேனே என்று நின்றாரா, இன்றைக்குவரை எனக்குத் தெரியாது. முகத்தில் பாதி நுரை, அதில் என்ன தெரியும். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, காலையில் பேசிய பேச்சின் சூடும் இருந்தது. "முதல்ல அந்த மிச்சப் பாதியை முடிச்சிட்டு வாங்க" என்று கத்தினேன். வாங்க என்றுதான் சொன்னேன், கவனி. அவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிப் போனார். முடித்துவிட்டு வந்தபோது கம்பி கட்டி முடிந்து, முத்திரை வைத்து, நோட்டீஸும் ஒட்டியாகிவிட்டது. முதல் குற்றச்சாட்டு இதுதான்.

அதற்குப் பிறகு நடந்தது குடித்தனமா கூத்தா என்று எனக்கே தெரியவில்லை. முதல் நாள் மத்தியானம் எனக்கு உப்பு கிடைக்கவில்லை. இத்தனை வருஷம் குடியிருந்த என் வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று எதிர்வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்கிறேன். அவர் பால்கனியில் நின்றபடி வழி சொல்கிறார், "ரெண்டாவது தட்டு, பச்சை மூடி, இல்ல அது சர்க்கரை, அதுக்குப் பின்னால, கைய உள்ள விடு." இப்படியே மிளகு, தீப்பெட்டி, தலைவலி மருந்து. என் போனில் சார்ஜ் இல்லாத ஒரு காலை நேரம், அவருக்கு மாத்திரை பெயர் வேண்டியிருந்தது. எந்த மாத்திரை என்று நான் தெருவைத் தாண்டிக் கத்திக் கேட்டேன், அவர் வயிற்றைத் தொட்டுக் காட்டினார், எனக்குப் புரியவில்லை, "என்ன, மலச்சிக்கல் மாத்திரையா?" என்று என் டியூட்டிக் குரலில் கேட்டுவிட்டேன். கடைசி சீட்டுவரை கேட்கும் குரல் அது, உனக்குத் தெரியும். மறுநாள் காலை பால்காரர், காய்கறி வண்டிக்காரர், அடுத்த கட்டடத்து வாத்தியார், எல்லாரும் மேலே பார்த்து, "என்ன சார், ஆச்சா?" என்று அக்கறையாக விசாரித்தார்கள். இரண்டு நாள் உன் அப்பா பால்கனிப் பக்கமே வரவில்லை.

வந்தபோது தலைமுடி குறைந்திருந்தது. சலூன்காரருக்குக் கை அரிக்கிறது, பாவம், வெட்ட ஊரில் ஒரு தலையும் இல்லை, வீட்டுக்குள் ஒரு தலை மாட்டியிருக்கிறது. பதினாலு நாளில் நாலு தடவை வெட்டியிருக்கிறார். முதலில் காதோரம், பிறகு பின்கழுத்து, பிறகு மீசையில் கைவைத்தார். ஒவ்வொரு தடவை நான் பார்க்கும்போதும் அங்கே நிற்பது என் புருஷன்தானா என்று கொஞ்சம் எட்டிப் பார்த்துதான் உறுதி செய்துகொள்ள வேண்டியிருந்தது. பதிலுக்கு இவர் சும்மா இருந்தாரா. அந்த வீட்டுத் திரைச்சீலைகளையெல்லாம் கையாலேயே மடித்துத் தைத்து, சலூன்காரரின் பேன்ட்களையெல்லாம் அளவெடுத்துக் குட்டையாக்கி, சலூன்காரர் மனைவிக்குப் பன்னிரண்டு மாஸ்க், பூப்போட்டது, தைத்துக் கொடுத்திருக்கிறார். மாலையில் இரண்டு பேரும் கேரம் ஆடுவார்கள். அவர் சிரிப்பது இங்கே கேட்கும். அவர் சிரிக்கும் சத்தம் எப்படி இருக்கும் என்று நான் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்தேன். நான் வீட்டுக்கு வரும் நேரத்தில் அவர் சிரித்துமுடித்திருப்பார் போலிருக்கிறது.

இப்போது விசிலுக்கு வருகிறேன். பன்னிரண்டாம் நாள் பரிசோதனை வேன் வரும், கட்டடத்தில் எல்லாருக்கும் எடுப்பார்கள், ஒருவருக்கும் இல்லை என்று வந்தால் பதினாலாம் நாள் தகரத்தைப் பிரித்துவிடுவார்கள் என்று ஏற்பாடு. நம் கட்டடச் செயலாளரை உனக்கு ஞாபகம் இருக்கும். நாங்கள் அவரை நோட்டீஸ் என்றுதான் சொல்கிறோம். எதற்கெடுத்தாலும் ஒரு நோட்டீஸ். படிக்கட்டுக் கைப்பிடியைத் தொடாதீர்கள் என்று பொடி எழுத்தில் எழுதிக் கைப்பிடியிலேயே ஒட்டியிருக்கிறார், குனிந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் படிக்க முடியும். அவர் என் கதவுக்கு வெளியே ஆறடி தள்ளி நின்று, "மேடம், கூட்டத்தை மேய்க்கிறதுல உங்களுக்குத்தான் அனுபவம், வரிசைய நீங்கதான் பாத்துக்கணும், விசிலையும் எடுத்துட்டு வாங்க" என்றார். மேடம் என்றதும் நானும் மயங்கிவிட்டேன். ஒரு மாதத்துக்கு மேலாக ஆணியில் தொங்கிய யூனிஃபார்ம் சட்டையைக்கூட எடுத்துப் பார்த்தேன், பிறகு அது ரொம்ப அதிகம் என்று வைத்துவிட்டேன்.

கேட்டுக்குள்ளே நடைபாதையில் சுண்ணாம்பு வட்டம் போட்டிருந்தது, ஆறடிக்கு ஒன்று. இருபத்தேழு வருஷம் நெருங்கி நில்லுங்க, இன்னும் ரெண்டு பேர் நிக்கலாம், முன்னாடி எடம் இருக்கு என்று சொன்ன வாயால் தள்ளி நில்லுங்க, தள்ளி நில்லுங்க என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் தெரியுமா. மூன்று தடவை வாய் தவறி "நெருங்கி நில்லுங்க" என்று சொல்லி, முதல் மாடிக்காரர்கள் என்னைக் கொலைகாரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். தகரத்தில் ஒரு பக்கத்தை மட்டும் பிரித்து, வேனைப் பின்பக்கமாகக் கேட்டில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். வேனுக்குள் நர்ஸ், வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. ஒவ்வொருவராக உட்கார்ந்து வாயைத் திறக்க வேண்டும். நான் மாஸ்க்கை இறக்கி ஒரு விசில் அடித்தால் வரிசை நிற்க வேண்டும், கையைக் காட்டினால் நகர வேண்டும். ஒரு விசில் மட்டும்தான் உபயோகிப்பது என்று நானே விதி வைத்துக்கொண்டேன். ஏனென்றால் எங்கள் தொழிலில் ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ. அது குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாதது ஒன்றுதான். பஸ்கள் ஓடாததால் டிரைவர்களையெல்லாம் சுகாதாரத் துறை வேன்களுக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். அந்த வேனை ஓட்டிவந்தவர் பக்கத்து டெப்போக்காரர், முப்பது வருஷ சர்வீஸ்.

முதல் ஆளாக நோட்டீஸ் உட்கார்ந்தார். செயலாளர் அல்லவா, மற்றவர்களுக்கு முன்மாதிரி. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வாயை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டார். நர்ஸ் புதுக் குச்சி எடுக்க வேனுக்குள் திரும்பினார். பின்னால் வரிசை கொஞ்சம் கலைந்திருந்தது, நான் ஒரு விசில் கொடுத்து, ஒவ்வொருவரையும் அவரவர் வட்டத்துக்குள் நிற்கவைத்தேன். எதிரே நிமிர்ந்து பார்த்தேன். பால்கனியில் உன் அப்பா நின்றார். கையில் ஒரு பை. முடிவு வர இன்னும் இரண்டு நாள் இருக்கிறது, அதற்குள் பையைக் கட்டிவிட்டார். அதை எனக்குத் தெரியும்படி தூக்கிக் காட்டினார். நான் மறுபடி வரிசையைப் பார்த்தேன். எல்லாரும் அவரவர் இடத்தில் நிற்கிறார்கள். வாசலில் நெரிசல் இல்லை. படியில் யாரும் தொங்கவில்லை. அந்தக் காட்சியைப் பார்த்துப் பார்த்து என்ன செய்து பழகியதோ, கை அதைச் செய்துவிட்டது. இரண்டு விசில்.

ரைட், போலாம் என்று வேன் கிளம்பிப் போய்விட்டது, பாப்பா. பின்கதவு திறந்தபடி, உள்ளே நர்ஸோடு. நர்ஸ் வேன் சுவரைத் தட்டுகிறார், கத்துகிறார். எந்த டிரைவராவது வண்டிக்குள் கத்துகிறவர்கள் சொல்வதைக் கேட்டு நிறுத்துவானா. கண்டக்டர் சொன்னால்தான் நிறுத்துவான். ஒரு விசில் கொடுத்திருந்தால் நின்றிருக்கும், எனக்கு அந்த நேரத்தில் மூச்சே வரவில்லை. தெருமுனை திரும்பி, அடுத்த இடத்துக்கே போய்ச் சேர்ந்து, அங்கே வரிசை காத்திருந்ததால் அங்கேயே வேலையைத் தொடங்கிவிட்டார்கள். இங்கே நோட்டீஸ் இன்னும் வாயைத் திறந்தபடி, கண்ணை மூடியபடி உட்கார்ந்திருக்கிறார். "முடிஞ்சுதா சிஸ்டர், வலிக்கவே இல்லையே" என்றார். அவரிடம் யார் சொல்வது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அட்டவணைப்படி வேனுக்கு நம் முறை ஐந்து நாள் கழித்துத்தான். அதுவரை யாரும் வெளியே போகக் கூடாது, யாரும் உள்ளே வரக் கூடாது. மறுநாள் நோட்டீஸ் போர்டில் புது நோட்டீஸ், கட்டட வளாகத்தில் விசில் அடிக்க முழுத் தடை. முதல் மாடிக்காரர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. மேல்மாடிப் பெண் ஒருத்திதான் அன்று சிரித்தாள். சிரித்துச் சிரித்து, கடைசியில் அவள் வட்டத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டாள்.

உன் அப்பா அன்று போனில் என்னிடம் கேட்டது இதுதான். "மாஸ்க்கை எறக்கின. விசில எடுத்து வாயில வச்ச. ரெண்டு தடவ ஊதின. மறுபடி மாஸ்க்கை ஏத்தின. இவ்வளவும் கை தானா பண்ணுமா? அதுவும் என்னையும் என் பையையும் பாத்த பின்னாடியா?" நியாயமான கேள்வி. தையல்காரர் அல்லவா, பிரித்துப் பிரித்துப் பார்த்துத்தான் கேட்பார். கை தானாகத்தான் பண்ணியது. நான் வேண்டுமென்று அடிக்கவில்லை. இதை உனக்கு ஒரு வரியில் சொல்லியிருக்கலாம், நீயும் நம்பியிருப்பாய். ஆனால் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இத்தனை பக்கம். வேன் முனை திரும்பிய பிறகு நான் நிமிர்ந்து பார்த்தேன். தூக்கிக் காட்டிய பையை உன் அப்பா மெதுவாகக் கீழே இறக்கினார். அதைப் பார்த்தபோது எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை. அப்பாடா என்று இருந்தது. அப்புறம்தான் வருத்தம், வெட்கம், மற்றதெல்லாம்.

ஏன் அப்பாடா என்று நாலு நாளாக என்னையே கேட்டுக்கொள்கிறேன். தனியாக இருப்பது பிடித்துவிட்டதா என்றால் இல்லை, எனக்குச் சாப்பாடே சரியாக இறங்கவில்லை, உப்பு கிடைத்த பிறகும். அவர் வராமல் போய்விடுவாரோ என்ற பயமும் இல்லை, எங்கே போய்விடப் போகிறார். என் பயம் அவர் வந்த பிறகு வரப்போகிற மூன்றாம் நாள். முதல் நாள் சிரிப்போம், இரண்டாம் நாள் கதை பேசுவோம். மூன்றாம் நாள் நான் நடைபாதையில் நிற்பேன், அவர் மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு மூச்சு விடக் கிளம்பினால்? அப்போது தகரம், முத்திரை, அதிகாரி என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்கும் இருக்காது. இப்போது யாராவது கேட்டால், நோயால் பிரிந்திருக்கிறோம் என்று கௌரவமாகச் சொல்லலாம். பஸ் ஓடும்வரை நானும் அவரும் ஒருவரை ஒருவர் காலையில் வழியனுப்பி, இரவில் வரவேற்று, நல்ல பேர் எடுத்துவிட்டோம். நடுவில் இருக்கிற பகல் முழுக்க எப்படி இருப்பது என்று நாங்கள் பழகவே இல்லை. இதை உன் அப்பாவிடம் போனில் சொல்ல வரவில்லை. பக்கத்தில் சலூன்காரர் நிற்பார், சொல்லி முடிப்பதற்குள் அவர் ஆறுதல் சொல்லிவிடுவார்.

இதோடு நிறுத்துகிறேன், வேன் நாளை வருகிறதாம். மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மேலே உள்ளதை எழுதி நாலு நாள் ஆயிற்று, உனக்கு இன்னும் அனுப்பவில்லை. வேன் வியாழக்கிழமை வந்தது. நான் வரிசையின் கடைசி வட்டத்தில், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கினவள் மாதிரி நின்றேன். விசில் வீட்டிலேயே இருக்கிறதா என்று நோட்டீஸ் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டார். அதே டிரைவர்தான். என் முறை முடிந்ததும் இறங்கிவந்து ஆறடியில் நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன், அவருக்கு மேலிடத்தில் மெமோ கொடுத்திருந்தார்கள். "கண்ணாடியப் பாத்திருக்கணும், என் தப்புதான். ஆனா ஒரு மாசத்துக்கு மேலா யாரும் எனக்கு ரெண்டு விசில் குடுக்கலம்மா. காதுல விழுந்ததும் கால் நிக்கல" என்றார். எனக்கு மாஸ்க்குக்குள் மூக்கு ஒழுக ஆரம்பித்தது. அந்த நேரத்தில் மூக்கு ஒழுகினால் என்ன ஆகும் என்று நினைத்து, அழுகையைப் பாதியில் விழுங்கினேன்.

நேற்று முடிவு வந்தது, ஒருவருக்கும் இல்லை. இன்று காலை பத்து மணிக்குத் தகரத்தைப் பிரித்தார்கள். எல்லாரும் கீழே ஓடினார்கள், எங்கும் போவதற்கு இல்லை, தெருமுனைவரை போய்த் திரும்பிவந்தார்கள். நான் போகவில்லை. வீட்டைப் பெருக்கினேன், பெருக்கின இடத்தையே மறுபடி பெருக்கினேன். அப்போது பெல் அடித்தது. கதவைத் திறக்கப் போகிறேன், கை தாழ்ப்பாளில் இருக்கிறது, அப்போதுதான் நினைத்தேன், இந்த வீட்டில் உன் அப்பாவுக்கு நான் கதவு திறந்ததே இல்லை. எப்போதும் வெளியே நிற்பது நான், திறப்பது அவர். திறந்தேன். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் மொட்டையாகியிருக்கும் தலையோடு, மீசை பாதியாக, கையில் பையோடு நின்றார். காலில் அதே வீட்டுச் செருப்பு. உள்ளே வரவில்லை. கீழே கேட்டில் நின்று என்னைப் பார்த்தாரே, அதே மாதிரி பார்த்தார். இந்த முறை முகத்தில் நுரை இல்லை.

என்ன சொல்வது என்று தயார்செய்து வைத்திருந்தது எல்லாம் போய்விட்டது. "அன்னிக்கு வேன் போனப்போ எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு" என்று சொல்லிவிட்டேன். வாசலிலேயே, வரவேற்புக்கு முன்னாலேயே. அவர் பையை அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றினார். "தெரியும். எதிர்லேருந்தே தெரிஞ்சுது" என்றார். "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். "இப்பவும் பயமாத்தான் இருக்கு. நீங்க மறுபடி மூச்சு விடப் போயிருவீங்கன்னு" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் யோசிக்கும்போது நான் ஒன்றும் சொல்லாமல் நின்றது எனக்குத் தெரிந்து இதுதான் முதல் தடவை. பிறகு என் தோளுக்கு மேலே எட்டி உள்ளே பார்த்துவிட்டு, "சரி, எடம் இருக்கா, இல்ல வண்டி ஃபுல்லா?" என்றார். "நிக்கத்தான் எடம் இருக்கு" என்றேன். "பரவால்ல, நின்னுக்கிட்டே வர்றேன்" என்று சொல்லி உள்ளே வந்தார்.

நீயும் மாப்பிள்ளையும் ஒரே அறையில் இரண்டு கம்ப்யூட்டரோடு எப்படி இருக்கிறீர்கள் என்று நீ சொல்வதே இல்லை. சண்டை வந்தால் வரட்டும், ஆனால் ஒருவர் வாசலில் நிற்கும்போது மட்டும் சூடாக ஒன்றும் சொல்லிவிடாதே. மாஸ்க்கைத் தினம் துவைத்துப் போடு. வேலை வேலை என்று ரொட்டியையே மூன்று வேளையும் சாப்பிடாதே. அடுத்த முறை போன் செய்தால் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வைத்துவிடாதே, பதிலையும் வாங்கிக்கொண்டு வை. நல்ல உடம்போடும் நல்ல மனதோடும் நீங்கள் இரண்டு பேரும் நூறு வருஷம் இருக்க வேண்டும். முன்னறையில் மெஷின் ஓடத் தொடங்கிவிட்டது, கருநீலம் எங்கே என்று கேட்கிறார், நான் போக வேண்டும்.

ஆசிகளோடு,
அம்மா